ஏழு பேர்ச்சுக்குள் ஒரு கிணறு

இலங்கை மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்து வீட்டுக் காணியில் கிணறு வெட்டலாமா என்று யாராவது கேட்டால், முதலில் அளவுநாடாவை எடுக்கச் சொல்வேன். மம்பட்டி, அலவாங்கு எல்லாம் அப்புறம். ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. எங்களுக்கு உள்ள ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,905 சதுர அடி. அது நல்ல சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 44 அடிகூட வராது. மூலைக்கு மூலை பிடித்தால் 62 அடி. அதற்குள் 550 சதுர அடியில் வீடு, முன்னால் படி, பின்னால் மண் சரியாமல் இருக்க ஒரு கல்கட்டு, மலசலகூடம், அதன் குழி. கிணற்றுக்கும் குழிக்கும் நடுவே குறைந்தது 50 அடி விட வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. 100 அடி விட்டால் நிம்மதி. ஒரு மூலையில் குழி, எதிர்மூலையில் கிணறு என்று கஷ்டப்பட்டு 50 அடியைப் பிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக் குழி எங்கே? மேல் வரிசை வீட்டுக் குழி எங்கே? அது உங்கள் கிணற்றின் தலைமாட்டில் அல்லவா இருக்கிறது.

ஆகவே நாங்கள் வெட்டிய கிணறு எங்கள் காணியில் இல்லை. பண்டாரவளைப் பக்கத்தில், எங்கள் வீட்டு வரிசைக்குக் கீழே, மாமாவின் காணி பள்ளத்தில் போய் முடியும் இடத்தில் இருக்கிறது. நாலு வீட்டுக்கு ஒரே கிணறு. சொந்த வாசலில் சொந்தக் கிணறு என்ற ஆசை மலைச் சரிவில் செல்லாது என்பது என் கட்சி. யாழ்ப்பாணத்தில் வளவுக்கு ஒரு கிணறு இருக்கலாம். அங்கே நிலம் தட்டை, அடியில் சுண்ணாம்புக் கல், எங்கே தோண்டினாலும் ஏதோ ஓர் ஆழத்தில் தண்ணீர் காத்திருக்கும். இங்கே ஒரு கிணற்றை நிரப்புவது அதற்கு மேலே உள்ள சரிவு முழுவதும். கெடுப்பதும் அதே சரிவுதான்.

"மலையில் இருக்கிற உங்களுக்குக் கிணறு எதற்கு? அருவியும் ஓடையும் உங்களிடம்தானே" என்று கொழும்பில் வேலை பார்க்கும் நண்பர்கள் கேட்பார்கள். மழை பெய்கிற ஊரில் தண்ணீர் தங்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை கொட்டித் தீர்க்கும். அதே மாதங்களில் மலையின் இந்தப் பக்கம், ஊவாவில், ஈரத்தை அங்கே இறக்கிவிட்டு வந்த காய்ந்த காற்று தகரத்தைப் பிய்க்கும். எங்களுக்கு மழை ஒக்டோபர், நவம்பரில் இடியோடு தொடங்கி, வடகீழ்ப் பருவத்தோடு ஜனவரி வரை போகும். ஜூன் பிறந்தால், ஊற்றுத் தண்ணீர் விழும் பீலி மெலியத் தொடங்கும். தோட்டத்துத் தாங்கியிலிருந்து வரும் அல்கத்தீன் குழாயில் காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர், அதன் பிறகு வெறும் காற்று. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் விடியுமுன் எழும்பிப் பீலிக்கரையில் குடம் வைத்து வரிசை பிடிக்க வேண்டும். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, நேரம் தவறினால் அரைப் பேர்: அரை நாள் சம்பளம்தான். எங்கள் வீடுகளில் தண்ணீர்ப் பஞ்சம் என்றால் முதலில் போவது அம்மாக்களின் தூக்கம். கிணறு வெட்டலாம் என்று முதலில் பேச்செடுத்ததும் மாமி. ஆண்கள் நாங்கள் அதற்குப் பிறகு ஒரு கோடை முழுவதும் யோசித்துக்கொண்டே இருந்தோம்.

குழாய்க்கிணறு அடித்தால் என்ன என்று யோசித்ததும் உண்டு. துளை போடும் லொறி எங்கள் தோட்டப் பாதையில் ஏறாது. ஏறினாலும், பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில் துளை விழுந்தால்தான் தண்ணீர். இல்லாவிட்டால் நூறு அடி தாண்டியும் தூசிதான். அடித்த அடிக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும். கையால் வெட்டும் கிணற்றில், வேண்டாம் என்று தோன்றும்போது நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

எங்கே வெட்டுவது என்பதுதான் முக்கால்வாசி வேலை. மலைநாட்டின் அடியில் இருப்பது மிகப் பழைய உருமாறிய பாறை: சார்னொகைட்டு, குவார்ட்சைட்டு, நைஸ், இடையிடையே பளிங்காக மாறிய சுண்ணாம்புக் கல். முழுப் பாறைக்குள் தண்ணீர் இருக்காது என்றே சொல்லிவிடலாம். தண்ணீர் இருப்பது இரண்டு இடத்தில். ஒன்று, பாறையின் வெடிப்புகளில். மற்றது, பாறைக்கு மேலே மக்கி மண்ணாகிப் போன அடுக்கில். மழை செம்மண்ணுக்குள் இறங்கி, அந்த மக்கிய அடுக்கில் ஊறி, அடியில் உறுதியான பாறை தட்டியதும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் சரிவோடு சாய்ந்து நகர்கிறது. அது வெளியே எட்டிப் பார்க்கும் இடம் ஊற்று. அதற்குச் சற்று முன்னால் வழிமறித்துத் தோண்டும் பள்ளம்தான் மலைநாட்டுக் கிணறு.

இது புரிந்தால் பாதிச் சந்தேகம் தீரும். மேட்டு முதுகில் வெட்டினால் மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து போய்விடும். எவ்வளவு ஆழம் போனாலும் கிடைப்பது பாறை. இரண்டு சரிவு சேரும் மடியில், மேலே நல்ல பரப்பளவு உள்ள பள்ளத்தில், மக்கிய அடுக்கும் தடிப்பாக இருக்கும், வந்து சேரும் தண்ணீரும் அதிகம். மாமா தோட்ட சர்வீஸ் முழுக்க மழைநீர்க் கான் வெட்டியவர். மழைத் தண்ணீர் எந்த மலையில் எந்த வழியாக ஓடும் என்பது அவருக்குக் கால் பழக்கம். "இங்க பாரு தம்பி, ஆகஸ்ட்ல எங்க புல்லு பச்சையா நிக்குதோ அங்க தோண்டணும். டிசம்பர்ல பாத்தா எல்லா எடமும் பச்சைதான்" என்றார். சேம்பு தானாக முளைத்து நிற்கும் இடம், மரப் பன்னம் வளரும் இடம், காய்ந்த மாதத்திலும் மிதித்தால் செருப்பு ஒட்டும் இடம், இவையெல்லாம் நல்ல அடையாளம். மேலே யூகலிப்டஸ் தோப்பு இருந்தால் நான் இரண்டு தடவை யோசிப்பேன். தேயிலை காய வைக்கும் அடுப்புக்கு விறகென்று தோட்டங்களில் நட்ட மரம் அது. மளமளவென்று வளரும், அந்த வளர்ச்சிக்கு வேண்டிய தண்ணீர் நம் ஊற்றிலிருந்துதான் போகிறது.

தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கும் ஒருவரையும் மாமி கூட்டி வந்தார். தேங்காய் உள்ளங்கையில் எழும்பி நின்றது. அவர் காட்டிய இடம் மாமா காட்டிய இடத்திலிருந்து பத்தடி தள்ளி, அதே பள்ளத்தில். மேட்டில் நின்று ஒருமுறை எழும்பிக் காட்டியிருந்தால் எனக்கும் நம்பிக்கை வந்திருக்கும். மாமியின் மனம் நோகக் கூடாது என்று இரண்டு இடத்துக்கும் நடுவே முளை அடித்தோம். குடும்பத்தோடு சேர்ந்து கிணறு வெட்டுகிறவர்களுக்கு இந்த மாதிரிச் சமாதானமும் பொறியியலில் அடக்கம்.

காணி விஷயத்தை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் காணி எல்லைக்கு வெளியே கால் வைத்தால் அது தோட்டம். 1992இல் இருந்து தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்தில். எல்லை தாண்டி ஒரு கூடை மண் எடுக்கவும் துரைமாரின் கையெழுத்து வேண்டும். ஆகவே முளை அடிக்குமுன் எல்லைக்கல்லைப் பாருங்கள். அதைவிடப் பெரிய விஷயம் மண்சரிவு. பதுளை, நுவரெலியா, கண்டி போன்ற மாவட்டங்களில் வீடு கட்டுவதற்கே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை கேட்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. செங்குத்தான சரிவின் நடுவில், அல்லது வீட்டுக்குப் பின்னால் உள்ள மண் அணைக்கு அடியில், ஆறடி அகலத்துக்குப் பள்ளம் தோண்டுவது அந்தச் சரிவின் காலை வெட்டுவதற்குச் சமம். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், விரிசல் விட்ட சுவர் ஏதாவது இருந்தால் கிணற்றுப் பேச்சை விடுங்கள்.

வெட்டும் காலம் கோடையின் கடைசி. எங்களுக்கு ஆகஸ்ட், செப்டெம்பர். ஹற்றன் பக்கத்தாருக்கு பெப்ரவரி, மார்ச். அந்தந்தப் பக்கத்தில் தண்ணீர் மட்டம் ஆகக் கீழே போகும் நேரம் அது. மழைக்காலத்தில் வெட்டினால் எட்டடியில் தண்ணீர் பொங்கும், தேங்காய் உடைத்துப் பொங்கல் வைப்பார்கள், அடுத்த ஆகஸ்டில் கிணற்றுக்குள் தவளை மட்டும் இருக்கும். காய்ந்த காலத்தில் தண்ணீரைக் கண்டு, அதற்குக் கீழேயும் ஐந்தாறு அடி இறங்கினால்தான் அது கிணறு.

அகலத்தைப் பார்ப்போம். நாங்கள் முடித்த கிணற்றின் உள் அகலம் நாலு அடி. ஆனால் தோண்டியது ஆறடி. கொங்கிரீட் வளையத்தின் தடிப்புக்கும், அதைச் சுற்றிச் சல்லி போடவும் அந்த இடம் வேண்டும். ஆறடி அகலத்தில் ஒவ்வோர் அடி இறங்கவும் 28 கன அடி மண் மேலே வர வேண்டும். எடையில் ஒன்றே கால் டன்னுக்கு மேல். இருபது அடிக்கு ஐந்தரை கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) கட்டுமண். கிளறி எடுத்த மண் உப்பும் என்பதால் வெளியே குவியும்போது ஏழு கியூப் ஆகிவிடும். கிணறு வெட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பள்ளத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் கஷ்டமே குவியல்தான். சமவெளியில் ஓர் ஓரமாகக் கொட்டிவிடலாம். இங்கே ஓரம் என்றால் கீழ் வீட்டுக் கூரை. தளர்ந்த மண்ணைச் சரிவின் விளிம்பில் குவித்தால் முதல் பெருமழைக்கு அது தண்ணீரைக் குடித்துக் கனத்து, சரிந்து இறங்கும். மேல்மண்ணை நாலு வீட்டுத் தோட்டப் பாத்திகளுக்கும் பிரித்துக் கொடுத்தோம். கோவாவும் லீக்ஸும் நடுகிறவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். அடியிலிருந்து வந்த மஞ்சள் மண்ணில் எதுவும் முளைக்காது. அதை உர மூட்டைப் பைகளில் கட்டி, படிக்கட்டுப் பாதை ஓரத்தில் அடுக்கி இடித்து இறுக்கினோம். இதற்குப் பிடித்த நாட்கள் தோண்டப் பிடித்ததைவிடக் கூட.

தோண்டுவதைச் சொல்ல அதிகம் இல்லை. மேலே செம்மண், மம்பட்டிக்கே விழும். பிறகு மைக்கா மின்னும் மஞ்சள் கலந்த மண். அதில் பழைய பாறையின் கோடுகள் அப்படியே தெரியும், ஆனால் கையால் நசுக்கினால் மாவாகும். பிக்காசும் குட்டைப் பிடி போட்ட மம்பட்டியும் போதும். ஆறடிப் பள்ளத்துக்குள் நீளப் பிடி சுவரில் இடிக்கும். மூன்று கால் நட்டுக் கப்பி தொங்கவிட்டு வாளியில் மண்ணை இழுத்தோம். கீழே ஒருவர், மேலே எப்போதும் இரண்டு பேர். வாளி ஏறும்போது கீழே இருப்பவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும், தலையில் ஹெல்மெட். வாயைச் சுற்றி மூன்றடிக்குள் கல், கருவி, தேத்தண்ணிக் கோப்பை எதுவும் வைக்கக் கூடாது. பதினைந்து அடியிலிருந்து விழும் வெறும் கோப்பையும் மண்டையை உடைக்கும்.

காற்றைப் பற்றித்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழுவதும், தூக்கப் போனவரும் விழுவதும் இந்த நாட்டுச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது. காரணம் மர்மம் ஒன்றும் இல்லை. ஆழமான பள்ளத்தில் ஒட்சிசன் குறையும். காபனீரொட்சைட்டு காற்றைவிடப் பாரமானது, அடியில் தங்கும். ஓரிரவு சும்மா கிடந்த பள்ளத்தில் காலையில் இறங்குவதுதான் ஆபத்து. மெழுகுவர்த்தியை வாளியில் வைத்து இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். சாதாரணக் காற்றில் ஒட்சிசன் 21 சதவீதம். 16, 17 சதவீதத்துக்கு வந்தால் சுடர் அணைந்துவிடும். அணைந்தால் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அணையவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. பெற்றோல் எஞ்சின் விடும் காபன் மொனொக்சைட்டை மெழுகுவர்த்தி காட்டாது. அதற்கு மணமும் இல்லை. தண்ணீர் இறைக்கிறேன் என்று பெற்றோல் பம்பைக் கிணற்றுக்குள்ளே இறக்கி ஓட விட்டால் சில நிமிடத்தில் ஆள் போய்விடும். பம்பு மேலேயே இருக்க வேண்டும், புகை வாய்ப் பக்கம் வராமல் திருப்பி வைக்க வேண்டும், அது ஓடும்போது உள்ளே ஆள் இருக்கக் கூடாது. மின் மோட்டருக்கும் இதே விதி, காரணம் மட்டும் வேறு: ஈரத்தில் கரண்ட். இறங்கும் ஆளின் இடுப்பிலும் தோளிலும் கயிறு கட்டி, நுனி மேலே இருப்பவர் கையில் இருக்க வேண்டும். விழுந்தவரை இழுத்து எடுக்கலாம். இறங்கி எடுக்கப் போகக் கூடாது. மச்சான் இதைக் கேலி செய்தான். மாமா அவனைக் கடைசி வரை கீழே இறங்க விடவில்லை.

பாறை தட்டினால்? நெருப்பு மூட்டிச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றி வெடிக்க வைப்பது அந்தக் காலத்து வேலை. பள்ளத்துக்குள் அதைச் செய்தால் இருக்கிற ஒட்சிசனும் போகும். வெடிமருந்துக்கு அனுமதியும் உரிமம் உள்ள ஆளும் வேண்டும். சரிவில் வீடுகள் நெருங்கி இருக்கும் இடத்தில் அதை நினைக்கவும் கூடாது. எங்களுக்குப் பதினெட்டடிக்கு மேல் தனித்தனிக் கற்கள் அகப்பட்டன, சுத்தியலும் ஆப்பும் வைத்து உடைத்தோம். உறுதியான பாறை தட்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டோம். தண்ணீர் அந்தப் பாறையின் மேல் தளத்தில்தான் நகர்கிறது; அதைக் குடைந்து கீழே போய்ப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

தண்ணீர் தென்பட்டது ஒரு பக்கச் சுவரில், மேல் சரிவு இருக்கும் பக்கம். அடியிலிருந்து பொங்கவில்லை. சுவரில் கசிந்து வழிந்தது. அந்த இடத்தில் மஞ்சள் மண் கஞ்சி போல இளகி ஓடத் தொடங்கியது. இதற்குப் பிறகு வெறும் சுவரை நம்பி ஒருவரும் உள்ளே நிற்கக் கூடாது. வளையம் இறக்க வேண்டிய நேரம் அது. நாலு அடி அகலம், இரண்டடி உயரம், மூன்று அங்குலத் தடிப்பு உள்ள ஒரு கொங்கிரீட் வளையம் 450 கிலோ வரும். பாதையிலிருந்து படி இறங்கித் தூக்கி வர முடியாது. தகர அச்சு வாடகைக்கு எடுத்து, கிணற்றுக்குப் பக்கத்திலேயே வார்த்தோம். கம்பி சுற்றி வைத்து, கீழே போகும் வளையங்களில் மட்டும் பிவிசி துண்டுகளைச் செருகித் துளை விட்டோம். வார்த்த வளையத்தை ஈரச் சாக்குப் போட்டு நன்றாக ஊற விட வேண்டும்; அவசரப்பட்டால் இறக்கும்போது வெடிக்கும். மேசன் பாஸ் கொண்டுவந்த, பாரம் தூக்கும் செயின் புளொக்கை முக்காலியில் மாட்டி ஒவ்வொன்றாக இறக்கினோம். இளகிய மண் உள்ள இடத்தில் வளையத்துக்குள்ளே நின்று அதன் அடியைச் சுரண்டினால் வளையம் தன் பாரத்தால் தானே இறங்கும். மண் சரிந்தாலும் ஆள் வளையத்துக்குள் இருக்கிறார். இதுதான் இந்த முறையின் அருமை.

வளையத்துக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியில், கீழ்ப் பாதிக்கு முக்கால் அங்குல மெட்டல் சல்லி. மேல் பத்தடிக்குக் களிமண்ணும் சீமெந்தும் வைத்து இறுக்க அடைத்தோம். செலவு குறைப்பதற்காகப் பலர் விட்டுவிடும் வேலை இது. அடைக்காவிட்டால் முற்றத்தில் ஓடும் மழைத் தண்ணீர், கோழி எச்சம், துணி துவைத்த சவர்க்கார நீர் எல்லாம் வளையத்தின் வெளிப்பக்கமாக நேரே கிணற்றுக்குள் இறங்கிவிடும். 50 அடி தள்ளிக் குழி வைத்ததற்குப் பிறகு அர்த்தமில்லை. கிணற்றைச் சுற்றி வெளிப்பக்கம் சரிந்த கொங்கிரீட் தளம், இடுப்புயரக் கட்டு, மூடி. மேல் சரிவுப் பக்கம் ஒரு கான். கான் வெட்ட மாமாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கலங்கல் தெளியும் வரை இறைத்து விட்டு, பிறகு குளோரின் போட வேண்டும். நாலு அடி அகலக் கிணற்றில் ஒவ்வோர் அடி தண்ணீரும் சுமார் 355 லீட்டர். ஆறடி நின்றால் 2,100 லீட்டருக்குக் கொஞ்சம் மேல். லீட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்ற கணக்கில், 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் தூள் 350 கிராம் அளவில் தேவை. வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளிந்ததை ஊற்றி, சுவரிலும் அடித்து, ஓரிரவு விட்டு, மணம் போகும்வரை இறைக்க வேண்டும். இறைத்ததைப் பாத்திகளுக்கு விடாதீர்கள். எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து மாதிரி எடுக்கும் வழியைச் சொல்லித் தந்தார். ஈ.கோலி 100 மில்லிலீட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைத்திரேற்று லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தேயிலை மலைக்குக் கீழே கிணறு வைத்திருப்பவர்கள் இந்த இரண்டாவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மலைக்குப் போடும் யூரியாவும், மலசலகூடக் குழியும் நைத்திரேற்று என்ற ஒரே பெயரில்தான் கிணற்றுக்கு வந்து சேர்கின்றன.

இரும்பைக் கண்டுபிடிக்க ஆய்வுகூடம் வேண்டாம். நாங்கள் தேயிலை நாட்டார். நல்ல சாயத்தில் பிளேன்டீ ஊற்றிப் பாருங்கள். தண்ணீரில் இரும்பு இருந்தால் தேயிலையின் தனின் அதோடு சேர்ந்து, சிவந்து மினுங்க வேண்டிய தேத்தண்ணி கறுத்து மை நிறம் ஆகும். எங்கள் கிணற்று முதல் தேத்தண்ணி கறுப்பாகத்தான் வந்தது. "இதுக்கா இவ்வளவு பாடு?" என்று மாமி கேட்டார். சல்லியும் மணலும் போட்ட ஒரு பீப்பாய்க்குள் உயரத்திலிருந்து தெளித்து விட்டோம். காற்றுப் பட்டால் கரைந்திருக்கும் இரும்பு துருவாகிப் படியும், மணல் அதைப் பிடித்துக்கொள்ளும். இப்போது நிறம் சரி. மணலைத்தான் அடிக்கடி கழுவ வேண்டியிருக்கிறது.

மோட்டர் வாங்குகிறவர்களுக்கு மலைக்கென்று ஒரு குறிப்பு. மேலே வைத்து உறிஞ்சும் பம்பு காற்றழுத்தத்தின் தயவில்தான் தண்ணீரைத் தூக்குகிறது. கடல்மட்டத்தில் அதன் கணக்கு எல்லை ஏறக்குறைய 34 அடி. பண்டாரவளை 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, எல்லை 29 அடிக்கு வந்துவிடும். குழாய் உராய்வு, வால்வு எல்லாம் போக இருபது அடிக்கு மேல் நம்ப வேண்டாம். கொழும்புக் கடைக்காரர் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து 26 அடி என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கடற்கரையில் இருக்கிறார்.

இனி, சரிவு முழுவதும் சேர்ந்த கிணறு என்று தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். உமா ஓயா நீர்மின், பாசனத் திட்டத்துக்காக மலையைக் குடைந்து சுரங்கம் போட்டபோது, 2014 இறுதியில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. அதன் பின் பண்டாரவளையைச் சுற்றிக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பாறை வெடிப்புகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை; எங்கோ ஆழத்தில் திறந்த ஒரு வாய் ஊரின் கிணறுகளை உறிஞ்சிவிட்டது. தன் காணிக்குள் இருக்கிறது என்று நினைத்த தண்ணீர் தன்னுடையதல்ல என்று அன்று பலருக்குத் தெரிந்தது. எதிர்த்திசையிலும் இதே தொடர்பு வேலை செய்கிறது. பெருமழையில் கிணற்று மட்டம் திடீரென்று ஏறினாலோ, தெளிந்த தண்ணீர் சேறாகிக் கலங்கினாலோ, இல்லாத இடத்தில் ஊற்று வெடித்தாலோ, வழமையான ஊற்று சட்டென்று நின்றாலோ மேலே மண் அசைகிறது என்று பொருள் கொள்ள வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் மழை அடித்த நாட்களுக்குப் பிறகு, எங்கள் நாலு வீட்டிலும் அடைமழையில் யாராவது ஒருவர் டோர்ச் அடித்து மூடிக்குள் பார்க்காமல் படுப்பதில்லை.

நாலு வீட்டுக் கிணறு என்றால் நாலு வீட்டுச் சண்டையும் உண்டு. மோட்டர் நேரம், மின்கட்டணப் பங்கு, கல்யாண வீட்டுக்குக் கூடுதல் தண்ணீர், எல்லாம் ஒரு பழைய கணக்குக் கொப்பியில் எழுதி மாமி வீட்டில் இருக்கிறது. கிணறு எவ்வளவு ஊறும் என்று தெரியாமல் நேரம் பிரிக்க முடியாது. கோடையில் ஒருமுறை ஒட்ட இறைத்து விட்டு, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பார்த்தோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லீட்டர், வீட்டுக்கு ஐந்து பேர் என்றால், நாலு வீட்டுக்கும் ஐந்தரை அடித் தண்ணீருக்குச் சற்று மேல். அவ்வளவு ஊறுகிறது. ஐந்தாவது வீட்டைச் சேர்ப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. எனக்குச் சேர்க்கலாம் என்றுதான் படுகிறது, மச்சானுக்கு இல்லை.

அதைவிட அவசரமானது மேல் வரிசை. அங்கே ஒரு அண்ணன் புதிதாக மலசலகூடம் கட்டப் போகிறார். அவர் காணியில் குழிக்கு இருக்கும் ஒரே இடம் எங்கள் கிணற்றுக்கு நேர் மேலே. அவர் காணியில் அவர் தோண்டுவதைத் தடுக்க எங்களுக்கு என்ன உரிமை? பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். வெறும் குழி வேண்டாம், அடி பூசிய இரண்டு அறைத் தொட்டியாகக் கட்டி, கழிவு நீரைக் குழாயில் பக்கவாட்டில் கொண்டுபோய்ப் பள்ளத்தின் மறுபுறம் விட வேண்டும். கூடுதல் செலவில் பாதி எங்கள் நாலு வீட்டுக் காசு. சீமெந்து இறக்கியாயிற்று. குழாய்க்கு மச்சானின் பங்கு மட்டும் வரவில்லை. ஒக்டோபர் மழைக்கு முன் தருகிறேன் என்று கொப்பியில் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.